கீழ்க்குரலுக்கு மூன்று கட்டம்

இசைத்தாள் அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் இருபத்தேழு வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தவருக்கு இசை தெரியாது. அதுதான் அவருடைய முதல் தகுதி. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேரும் நன்றாகப் பாடுகிறவர்கள். தாளைக் கண்டதும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தாளில் தப்பாக இருந்தாலும் வாயில் சரியாக வந்துவிடும். பிழை அப்படியே அச்சுக்குப் போய்விடும். வெறுத்துப்போன மேனேஜர் அம்மா, பாட்டு என்றால் காத தூரம் ஓடுகிற ஆளாகத் தேடினார். ரயில் கால அட்டவணைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்த இவர் கிடைத்தார்.

அவருடைய முறை எளிது. ஐந்து கோடுகள் ஓடும் தாளைச் செங்குத்துக் கோடுகள் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் சுரங்களின் நீளத்தைக் கூட்டினால் நாலு வர வேண்டும், சில பாட்டில் மூன்று வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் சிவப்புப் பேனா. ஸ்கேலை அடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வருவார். முன்னாலிருந்து படித்தால் மனசு பாட்டுக்குள் போய்விடும் என்று அதற்குக் காரணம் சொல்வார். அவர் மனசு எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் பாட்டுக்குள் போகாது என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

ஒருமுறை, நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு பெரிய உருப்படியில், இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில், இரண்டாவது ஊதுகுழல்காரருக்கு வர வேண்டிய ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். சுரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் சுரம் நீளும். வைக்காவிட்டால் அந்த ஊதுகுழல்காரர் மட்டும் மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு முன்னால் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்து நிற்பார். எழுதிய இசையமைப்பாளருக்கே அது தெரியவில்லை. அன்றிலிருந்து அச்சகத்தில் அவருக்குப் பெயர் புள்ளி. நாளடைவில் அவர் பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

புள்ளியின் மனைவி பகலில் மருந்துக்கடையில் நிற்பவர். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவர். அங்கே அவர் கீழ்க்குரல். பெண்களில் தாழ்ந்த குரல்காரர்களைச் சேர்த்து அப்படி ஒரு வரிசை. மெட்டு எப்போதும் மேற்குரல்காரர்களுக்குப் போகும். கைதட்டலும் அவர்களுக்கே போகும். கீழ்க்குரல் அடியில் நின்று தாங்க வேண்டும். தாங்குவது வெளியே தெரியாது, தாங்காவிட்டால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் அப்படித் தாங்கியிருக்கிறார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டார்.

"ஏங்க, நாங்க இப்ப பாடற புதுப் பாட்டு உங்க கையிலதானே வந்துச்சு? எப்படி இருக்கு, சொல்லுங்களேன்."

"நூத்திப் பன்னெண்டு பக்கம். பதினெட்டுப் பிழை."

மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம், வெள்ளிக்கிழமை குழுவிலும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு மேற்குரல்காரி புள்ளியை நிறுத்தி, "என்ன சார், இன்னிக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புள்ளிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் விருந்தில் பரிமாறிவிட்டு ஒரு பருக்கையும் வாயில் வைக்காத ஆள் தான் என்று அன்றுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது, அதைவிட ஆசையாக இருந்தது. மறு வாரமே நகராட்சி இசைப்பள்ளியின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. படிப்பு இரண்டு வருடம்: முதல் வருடம் இசையின் விதிகள், இரண்டாம் வருடம் எந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்கிற ஆய்வு. கடைசித் தேர்வில் பெயர் மறைத்த ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்து இன்ன காலம், இன்ன காரணம் என்று சொல்ல வேண்டும்.

ஆசிரியைக்கு அவர் வயதில் பாதி. பக்கத்து நாற்காலியில் ஒரு பல் மருத்துவர். எல்லோரும் பியானோவில் வாசித்துப் பார்த்துப் புரிந்துகொண்டதைப் புள்ளி ஸ்கேல் வைத்துப் புரிந்துகொண்டார். வேகமாகவே புரிந்துகொண்டார். காரணம், இசையிலும் விதி இருந்தது. விதி இருக்கும் இடத்தில் பிழையும் இருக்கும். பிழை இருக்கும் ஊர் எதுவும் அவருக்கு அந்நிய ஊர் இல்லை.

"ரெண்டு குரல் சுர வரிசையில அஞ்சு படி இடைவெளி விட்டு ஜோடியா நடக்கக் கூடாது சார்" என்றார் ஆசிரியை. "அப்படி நடந்தா ரெண்டும் ஒண்ணாக் கலந்துடும், தனித்தனியாக் கேக்காது. மேல ஒண்ணு ஏறினா கீழ இருக்கறது இறங்கட்டும்."

"ஜோடியா நடந்துட்டா?"

"தப்பு."

புள்ளியின் முகம் மலர்ந்தது. அன்று வீட்டுக்கு வரும்போது நடைமேம்பாலப் படிக்கட்டில் முன்னால் இரண்டு பேர் ஐந்து படி இடைவெளியில் இறங்கிப்போனதைக்கூடக் கவனித்தார். அச்சகத்தில் தேநீர் நேரத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டி, செத்துப்போன பெரிய மனிதர்களின் ஐந்து படிகளை எண்ண ஆரம்பித்தார். நிறைகுடம் தளும்பாது. இது முதல் வருடக் குடம்.

முதல் வருடம் முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்ட சமயத்தில் அந்தப் புத்தகம் அவர் மேஜைக்கு வந்தது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகளின் தொகுப்பு, மெலிசான புத்தகம். நாலாவது பாட்டு மூன்று குரலுக்கானது. எழுதியவர் ஊர் பேர் தெரியாதவர். அதன் நடுவில் மூன்று கட்டம். நடுக்குரல் மூச்சு வாங்க ஒதுங்கிக்கொள்ள, மேற்குரல் படிப்படியாக ஏறுகிறது. கீழ்க்குரலும் சரியாக ஐந்து படி கீழே கூடவே ஏறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று கட்டம். பட்டப்பகலில், ஜோடியாக.

அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. மூலத்துக்கும் அச்சுக்கும் வித்தியாசம் இருந்தால் மட்டும்தான் சிவப்புப் பேனா. மூலத்திலேயே சந்தேகம் என்றால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி; அதை மேனேஜர் அம்மா தொகுப்பாசிரியருக்கு அனுப்பிக் கேட்பார். புள்ளி அதுவரை அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. அன்று பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார். மேற்குரல் ஏற ஏறக் கீழ்க்குரலைப் படிப்படியாக இறக்கிவிட்டார். பாடப்புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தார். பாவம் மனுஷன், அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று எழுதியவர்மேல் இரக்கம்கூட வந்தது. கணினியில் சுரம் கோப்பவர் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினார். புள்ளி போட்ட சிவப்பைக் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் மூன்று கட்டம் ஒன்றும் பெரிசில்லை.

இரண்டாம் வருடத்தின் மூன்றாவது வகுப்பில் ஆசிரியை பியானோவில் ஒரு பழைய பாட்டை வாசித்தார். இரண்டு குரலும் ஐந்து படி இடைவெளியில் கைகோத்துப் போயின, ஒரு கட்டமல்ல, பாட்டு முழுக்க.

"மேடம், இது தப்பாச்சே?" என்றார் புள்ளி.

"அப்ப அதுதான் சார் அழகு. தப்புங்கறது பின்னால வந்தவங்க போட்ட விதி. அவங்களுக்கும் பின்னால வந்தவங்க வேணும்னே அதை உடைச்சாங்க. அந்தந்தக் காலத்துத் தாளை அந்தந்தக் காலத்துக் காதாலதான் கேக்கணும்."

பல் மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். புள்ளியின் பேனா நகரவில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் செய்த காரியத்துக்குத் தண்டனை கொடுத்துவிட்ட நீதிபதியின் நிலைமை அவருக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மெலிசான புத்தகம். யார் வாங்கப் போகிறார்கள்? வாங்கினாலும் நாலாவது பாட்டை யார் பாடப் போகிறார்கள்? பூனை கண்ணை மூடிக்கொண்டது.

அவர் மனைவியின் குழு வாங்கியது. நாற்பத்தெட்டுப் பிரதி. ஆண்டுக் கச்சேரிக்கு அந்த நாலாவது பாட்டைத்தான் எடுத்தார்கள்.

முதல் ஒத்திகை அன்று மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எந்த மூதேவிங்க இத மாத்தினது? நான் குழுவுல சேர்ந்த புதுசுல இதே பாட்டைப் பாடியிருக்கேன். அப்ப குழுவ நடத்தினவர் கையால எழுதிக் குடுத்த தாளு. அதுல மூணு கட்டம் வரும். நாங்களும் மேற்குரலும் மட்டும் சேர்ந்து ஏறுவோம். வேற யாரும் இல்ல. இத்தனை வருஷத்துல கீழ்க்குரல்னு ஒண்ணு இருக்கறது வெளிய கேட்ட ஒரே இடம் அதுதான். இப்பப் பாத்தா அவங்க மாடிக்குப் போறாங்க, நாங்க கிடங்குக்குள்ள இறங்கறோம்!"

புள்ளி தட்டை எடுத்து வைத்தார்.

"உங்க அச்சகத்துப் புத்தகம்தான். உங்க கையிலதானே வந்திருக்கும். உங்களுக்கு வந்த மூலத் தாள்ல எப்படி இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல" என்றார் புள்ளி. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்துப் புள்ளியை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறவர் சொன்ன பதில் அது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருந்தது. கத்தவும் முடியாது, தேய்த்துவிடவும் முடியாது.

அடுத்த ஒத்திகையில் நிலைமை இன்னும் மோசமானது. புள்ளி இறக்கிவிட்ட சுரங்கள் பெண்களின் தொண்டைக்கு எட்டாத ஆழத்தில் இருந்தன. குழுவை நடத்துகிறவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: அந்த மூன்று கட்டத்தையும் குழுவில் இருக்கும் ஆண்கள் பாடட்டும், கீழ்க்குரல் பெண்கள் சும்மா நின்றால் போதும். மனைவி பழைய தாளைப் பற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "அந்த அச்சகத்துப் புத்தகத்துல தப்பே வராதும்மா, அங்க ஒருத்தர் இருக்கார்" என்று பதில் வந்ததாம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில், சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே மனைவி சொன்னார், இந்த வருடத்தோடு குழுவை விட்டுவிடுவதாக. சத்தமில்லாமல் சொன்னார்.

"குரல் இறங்கிட்டு வருது, எனக்கே தெரியுது. போன வருஷமே நின்னிருக்கணும். இந்தப் பாட்டை எடுக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் இருந்தேன். கடைசியா ஒரு தடவ அந்த மூணு கட்டத்தப் பாடிட்டுப் போயிடலாம்னு. இப்பக் கச்சேரிக்கே போகணுமான்னு இருக்கு. வாய மூடிக்கிட்டு நிக்கறதுக்கு நான் எதுக்கு? அந்த இடத்துல ஒரு ஸ்டூல் போட்டா போதுமே."

பட்டன் தைத்து முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். புள்ளி சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று மூன்று பிழைகளை அவர் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் தேர்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், அரை மணி நேரம், பிறகு ஆசிரியையின் அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். புள்ளி தாளைத் திருப்பினார். தலைப்பை மறைத்திருந்தார்கள். மறைக்காமல் விட்டிருக்கலாம், ஸ்கேலே வேண்டாம், மூன்று அடி தள்ளி நின்றாலும் அவருக்குத் தெரியும். நாலாவது பாட்டு. நடுவில் அவர் எழுதிய மூன்று கட்டம்.

அரை மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் தேறிவிடலாம். பழைய காலம், பின்னால் வரப்போகும் பாணியின் அறிகுறிகள் உண்டு என்று இரண்டு வாக்கியம் போதும். இருபத்தேழு வருடத்துப் பெயர் அப்படியே இருக்கும். மனைவி ஸ்டூல் மாதிரி நிற்பார், அல்லது போகமாட்டார். பதினைந்து நாளில் கச்சேரி முடிந்துவிடும், பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

"சொல்லுங்க சார், எந்தக் காலம்?"

"எழுநூறு வருஷம் முந்தினது. இந்த மூணு கட்டம் தவிர."

ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சபாஷ்! அதுக்குத்தான் இந்தத் தாளையே எடுத்தேன். பாத்தீங்களா, மேல் குரல் ஏறுது, கீழ் குரல் எவ்வளவு சுத்தமா இறங்குது! அப்படியே நம்ம பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரி. அந்தக் காலத்துல யாருமே இப்படி எழுதல. இந்த மனுஷன் முந்நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்கார். இதப் பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

"அனுப்பிட்டீங்களா மேடம்?"

"போன வாரம்."

புள்ளி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரியாத பழமொழி அல்ல.

"திரும்ப வாங்கிடுங்க மேடம். இந்த மூணு கட்டம் அவர் எழுதல. போன வருஷம் ஜூன் மாசம் நான் எழுதினது. நீங்க முதல் வருஷம் சொல்லிக்குடுத்தத வெச்சு எழுதினேன்."

ஆசிரியை தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பிறகு மதிப்பெண் பட்டியலை எடுத்து ஏதோ எழுதினார். காலம் சரி, காரணம் மிகச் சரி. ஆதாரம் காட்டிய முறை பாடத்திட்டத்தில் இல்லாததால் ஐந்து மதிப்பெண் குறைவு என்று பிறகு தெரிந்தது. எழுபத்தெட்டில் தேறிவிட்டார்.

மேனேஜர் அம்மாவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூலத்தாளை வரவழைத்து ஒப்பிட்டார். ஒட்டுவதற்குத் திருத்தச் சீட்டு அடிக்கச் சொன்னார்.

"அச்சுப் பிழைன்னு போட்டுடலாம்" என்றார். "எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அச்சு என்ன பண்ணுச்சும்மா? பிழை பார்த்தவரோட பிழைன்னு போடுங்க."

அப்படியே போட்டார்கள். வீட்டில் முதலில் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் புள்ளி நினைத்திருந்தார். புதன்கிழமை சொல்லலாம் என்று இருந்து, வியாழக்கிழமை சொல்லலாம் என்று தள்ளி, வெள்ளிக்கிழமை சீட்டு நேரே ஒத்திகைக்குப் போய்விட்டது. தைரியம் வரும்வரை தபால் காத்திருப்பதில்லை.

மனைவி வந்து சீட்டை மேஜைமேல் வைத்தார். கை கழுவினார். எதிரே உட்கார்ந்தார்.

"ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நாலு மாசம். நான் தினம் புலம்பினேன். நீங்க தினம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"எதுக்குங்க மாத்தினீங்க?"

"அப்படிச் சேர்ந்து போனா தப்புன்னு படிச்சேன்."

"படிச்சீங்க. கேட்டுப் பாத்தீங்களா?"

இரண்டு நாள் மனைவி அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள், மனைவி கச்சேரி நுழைவுச்சீட்டைப் புள்ளியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பகலில். புள்ளி ஏழாவது வரிசையில், மடியில் தாள் இல்லாமல் உட்கார்ந்தார். கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. நாலாவது பாட்டு தொடங்கியது. நடுக்குரல் ஒதுங்கியது. மேற்குரல் ஏறியது. ஐந்து படி கீழே இன்னொரு குரல் வரிசை கூடவே ஏறியது. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று படித்திருந்தார். கலக்கத்தான் செய்தன. ஆனால் கலந்ததற்குள் ஒரு குரல் அவருக்கு அடையாளம் தெரிந்தது; காலையில் மருந்துக்கடைச் சாவியைக் காணோம் என்று கத்தும் அதே குரல். அது இவ்வளவு நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறது. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது கட்டத்தில் அந்தக் குரல் ஒரு மயிரிழை சுருதி இறங்கி, மூன்றாவதில் எட்டிப் பிடித்துக்கொண்டதுகூட அவருக்குக் கேட்டது.

வீட்டுக்கு நடந்து வந்தார்கள். பாதித் தெரு தாண்டியதும் மனைவிதான் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"ரெண்டாவது கட்டத்துல கொஞ்சம் இறங்கிட்டேன். தெரிஞ்சுதா?"

புள்ளி கொஞ்ச தூரம் நடந்தார். மனைவி நின்றுவிட்டார்.

"ஏங்க, உங்களத்தான். ரெண்டு வருஷம் படிச்சுப் பாஸ் பண்ணின காது. தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது" என்றார் புள்ளி. "திருத்தணும்னு தோணல."